சாவி யார் கையில்?

கடலூரில் பொதுவாழ்வு நடத்திய அ. சுப்பராயலு ரெட்டியார், 1920 டிசம்பர் 17இல் சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியானார். நீதிக்கட்சி ஆட்சி ஏறியது. வெள்ளையன் சுயாட்சி தந்துவிட்டான் என்றார்கள். தந்தானா? தந்தது பெட்டி, தராதது சாவி!

1919ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்காரை இரண்டாகப் பிளந்தது. கல்வி, சுகாதாரம், விவசாயம், ஸ்தல ஸ்தாபனம் மந்திரிகளுக்கு. நிதி, நிலவரி, பாசனம், போலீசு, சிறை, தொழிலாளர் தகராறு ஆகியவை கவர்னருக்கும் அவரது நிர்வாக சபைக்கும். இதற்குப் பெயர் இரட்டையாட்சி.

தோழர்களே, நம் ஜில்லாவையே பாருங்கள். கடலூர் நகராட்சிப் பள்ளி மந்திரியிடம். கடலூர்ச் சிறை கவர்னரிடம். சிதம்பரம் உழவனின் பயிர் மந்திரியிடம். அந்தப் பயிருக்கு வேண்டிய வீராணத்துத் தண்ணீர் கவர்னரிடம். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கூலித் தகராறு என்றால் அதுவும் கவர்னரிடம். சொத்தும் வரியும் உள்ளவனுக்கே ஓட்டு. உழைப்பவன் வெளியே நின்றான்.

மந்திரியாயிருந்த கே. வி. ரெட்டி நாயுடுவே 1924இல் விசாரணைக் குழுவின் முன் இதைப் போட்டுடைத்தார். காடில்லாத வளர்ச்சி மந்திரி, பாசனமில்லாத விவசாய மந்திரி, ஆலையும் மின்சாரமும் தொழிலாளரும் இல்லாத கைத்தொழில் மந்திரி: இதுதான் அவர் காட்டிய படம்.

ஆயினும் கிடைத்த இடுக்கில் பணி நடந்தது. 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. கல்வி கைக்கு வந்த இலாகா. ஆகவே சட்டசபை சட்டமியற்ற, 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக் கழகம் எழுந்தது. அரை அதிகாரம் இவ்வளவு செய்ததென்றால், முழு அதிகாரம் என்னென்ன செய்திருக்கும்!

மாகாண இரட்டையாட்சி 1937இல் ஒழிந்தது. கவர்னரின் தனி அதிகாரம் ஒழியவில்லை. பின்னர் விடுதலை வந்தது. வயது வந்தோர் அனைவருக்கும் ஓட்டு வந்தது. அன்றும் இன்றும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால், தமிழகச் சட்டமன்றத்தின் 10 மசோதாக்களைக் கவர்னர் நிறுத்தி வைத்தது சட்டவிரோதம் என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளிக்க நேர்ந்ததே, ஏன்? அதே கோர்ட்டின் ஐவர் அமர்வு, கவர்னருக்குக் காலக்கெடு விதிக்க இயலாதென்று 2025 நவம்பரில் கருத்துரைத்ததே!

எனவே, சீர்திருத்தம் என்ற பெயரில் எது வந்தாலும் மூன்று கேள்வி கேட்போம். பணம் யார் கையில்? போலீசு யார் கையில்? மக்கள் மன்றத்தின் சட்டத்தை நிறுத்தும் பேனா யார் கையில்? விடை தெரியுமுன் முரசு கொட்டோம்!