நாடு தேடு படலம்

‘எந்த நாடு?’ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும்போதும், பொறியியல் கல்லூரியின் இறுதிப் பருவம் நெருங்கும்போதும், திசையன்விளை வட்டாரத்துக் கத்தோலிக்க இல்லங்களில் இன்று முதலாவதாக எழும் கேள்வி இதுவே. என்ன படிப்பு என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் படிப்பில் பிள்ளைக்கு நாட்டம் உண்டா, ஆற்றல் உண்டா என்பது பல இல்லங்களில் கேட்கப்படுவதே இல்லை. கனடா என்று முடிவு செய்தபின் கனடாவில் கிடைக்கும் ஏதேனும் ஒரு படிப்பு. இலண்டன் என்று முடிவு செய்தபின் அங்கு ஓராண்டில் முடியும் ஏதேனும் ஒரு பட்டம். இந்த வரிசையே தவறு என்பதுதான் நமது வழக்கு. படிப்பைத் தேடிச் செல்கிறவன் மாணவன். நாட்டைத் தேடிச் செல்கிறவன் குடியேறி. குடியேறி மாணவ வேடம் பூண்டு விமானம் ஏறும்போது, அந்த வேடத்திற்கான விலையை யார் யார் கொடுக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஊரை விட்டுப் போகாதீர்கள் என்று பிரசங்கம் செய்ய நாம் எழுதவில்லை. பிழைப்பைத் தேடி வேறு நாட்டுக்குச் செல்வது மனிதனின் உரிமை என்று 1963இல் திருத்தந்தை 23ஆம் அருளப்பர், உலக அமைதி பற்றிய தம் சுற்றுமடலில் தெளிவாகவே எழுதிவிட்டார். மனித உழைப்பைக் குறித்து 1981இல் எழுதிய இரண்டாம் அருள் சின்னப்பர் அவ்வுரிமையை உறுதி செய்ததோடு, ஒரு மனிதன் வெளியேறும்போது அவன் பிறந்த நாடு இழப்பது என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னார். போகவும் உரிமை உண்டு, இருக்கவும் உரிமை உண்டு என்பதை 2023ஆம் ஆண்டின் குடிபெயர்ந்தோர் நாளுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் கருப்பொருளாக்கினார். மேலும், செம்மண் தேரியும் பனையும் முருங்கையும் எத்தனை பேருக்குத்தான் சோறு போடும்? தாமிரபரணியின் வெள்ளநீரை நம் வறண்ட பகுதிக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டம் 2009இல் தொடங்கி 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. தண்ணீர் வந்து சேர்வதற்குள் ஒரு தலைமுறை ஊரைக் கடந்துவிட்டது. நம் குருக்களிலேயே பலர் ஜெர்மன் மறைமாவட்டங்களில் பணியாற்றுகின்றனர். அவர்களை வாழ்த்தி வழியனுப்பிவிட்டு, இளைஞனை மட்டும் பனையடியில் நில் என்று சொல்ல நமக்கு வாய் ஏது?

ஆகவே போவது பற்றியதன்று நம் வழக்கு. போகும் விதம் பற்றியது.

நம் முன்னோர் இலங்கைக்குப் போன வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து காப்பித் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் போனவர்களை அழைத்துச் சென்றவன் கங்காணி. முன்பணம் கொடுத்தான், வழிச்செலவை ஏற்றான், அங்கே கொட்டுகிறது என்று கதை சொன்னான். தோட்டத்தில் வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு அவனுக்குக் கிடைத்தது. தொழிலாளியின் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்திற்கு நகர முடியாது. 1921இல் சட்டம் இயற்றித்தான் அந்தத் துண்டு முறையை ஒழிக்க வேண்டியிருந்தது.

இன்றைய கங்காணி நெல்லையிலும் நாகர்கோவிலிலும் குளிரூட்டிய அறையில் அமர்ந்திருக்கிறான். ‘உங்களிடம் ஒரு ரூபாயும் வாங்க மாட்டோம்; ஆலோசனை இலவசம்’ என்கிறான். உண்மைதான். அவனுக்குக் கூலி கொடுப்பது கல்லூரி. இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் கல்வி நிறுவனங்கள் பல, மாணவனின் முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கை முகவருக்குத் தரகாக வழங்குகின்றன. அதாவது, எந்த நாடு நல்லது என்று நாம் யாரிடம் கேட்கிறோமோ, அவருடைய வருவாய் அவர் சொல்லும் பதிலில் அடங்கியிருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் 2017 முதல் பருவத்திற்கு 1,500 யூரோ வாங்குகிறது. கட்டணம் இல்லாத இடத்தில் தரகும் இல்லை. ஏழைப் பிள்ளைக்கு ஏற்ற அந்த வழியை இந்த அறைகளில் எத்தனை பேர் முதலில் எடுத்துச் சொல்வார்கள்? (அங்கும் சொர்க்கம் இறங்கி வரவில்லை. ஓராண்டுச் செலவுக்கென 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாதவனுக்கு வேலை அரிது.) நேர்மையான முகவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவரைப் பதிவு செய்யச் சொல்லும் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம், மாணவனை அனுப்புகிறவரைக் கட்டுப்படுத்தவில்லை. வேலைக்கு ஆள் பிடிப்பவனுக்கு உள்ள கடிவாளம் படிப்புக்கு ஆள் பிடிப்பவனுக்கு இல்லை.

இருந்தும், தந்தையர் நம்மிடம் வந்து கேட்கிறார்கள்: “சாமி, கனடாவா லண்டனா, எது நல்லது? ரெண்டு மூணு பேருட்ட விசாரிச்சுச் சொல்லுங்களேன்.” கேட்கிறவரின் கண்ணில் ஆசையைவிட அச்சமே மிகுதி. ஆனால் இக்கேள்விக்கு நேர்மையான விடையே கிடையாது. ஏன் என்றால், நாடு என்று அவர் நினைப்பது நாட்டை அன்று; இன்று திறந்திருக்கும் ஒரு கதவை. கதவுகளின் வரலாற்றைப் பாருங்கள்.

இங்கிலாந்து, படித்து முடித்தவர் தங்கி வேலை பார்க்கும் அனுமதியை 2012 ஏப்ரலில் நிறுத்தியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உரிமம் பறிக்கப்பட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அயல்நாட்டு மாணவர் நடுத்தெருவில் நின்றனர். அது போலிக் கல்லூரி அன்று, அரசு ஏற்ற பல்கலைக்கழகம். 2021 ஜூலையில் கதவு மறுபடி திறந்தது: இரண்டாண்டுகள் தங்கலாம். கூட்டம் பெருகியது. 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி மாணவர் நீங்கலாக மற்றவர் குடும்பத்தை அழைத்து வர முடியாது என்றார்கள். 2025 மே மாத வெள்ளை அறிக்கை இரண்டாண்டைப் பதினெட்டு மாதமாகக் குறைப்போம் என்றது. அதன்பின் தொழில் அனுமதிக்கு வேண்டிய ஆண்டு ஊதிய வரம்பு, 2024 ஏப்ரல் வரை 26,200 பவுண்டாக இருந்தது, அம்மாதமே 38,700 ஆகி, 2025 ஜூலையில் 41,700 ஆனது. புதிதாகப் பணியில் சேர்வோருக்குச் சற்றுச் சலுகை உண்டு. அதுவும் நம் பிள்ளைகளில் பலருக்கு எட்டாத உயரமே. கனடா 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு விதித்தது. கையிருப்பாகக் காட்ட வேண்டிய தொகை 10,000 டாலரிலிருந்து 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆயிற்று. ஆஸ்திரேலியா விசாக் கட்டணத்தை மட்டும் 710 டாலரிலிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆகவும், மறு ஆண்டே 2,000 ஆகவும் உயர்த்தியது. விசா மறுக்கப்பட்டால் பொதுவாக அது திரும்பி வராத பணம்.

இந்த மாற்றங்களைச் செய்யும் அரசுகளைத் திட்டி என்ன பயன்? அவர்கள் வீடு, அவர்கள் கதவு. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையொப்பமிட்டபோது, இலங்கையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உட்பட 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்கிடப்பட்டது. அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. மூன்று தலைமுறையாக வேர் பிடித்தவர்களுக்கே அந்த நிலை என்றால், ஓராண்டுப் படிப்பும் ஒன்றரை ஆண்டு அனுமதியும் பெற்றவனின் நிலை என்ன? தொடக்க நூலில் லோத்து கண்களை உயர்த்தி நாடு தேர்ந்தெடுத்த கதை நமக்குத் தெரியும். நீர்வளம் மிக்க யோர்தான் சமவெளியைப் பார்த்தான், போனான். சோதோமின் நிலவரத்தை அவன் விசாரித்ததாக எழுதப்படவில்லை.

இனி, பலரும் தொடத் தயங்கும் இடத்திற்கு வருவோம். இந்த வழியில் பொய் எத்தனை இடங்களில் நுழைகிறது என்று எண்ணிப் பார்த்தோமா? இங்கிலாந்து விசாவுக்குப் பணம் 28 நாள்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாள்களுக்கு மட்டும் வட்டிக்கு வாங்கி, கணக்கில் காட்டி, முடிந்ததும் எடுத்துக் கொடுக்கும் வழக்கத்தை நம் பகுதியில் அறியாதவர் யார்? ‘இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தேன்’ என்று மாணவன் எழுத வேண்டிய கடிதத்தை முகவர் அலுவலகத்தில் யாரோ எழுதுகிறார்கள், பிள்ளை கையொப்பமிடுகிறான். படித்து முடித்துத் தாய்நாடு திரும்புவேன் என்கிறான். அவன் திரும்பக் கூடாது என்பதற்காகவே தாய் நவநாள் செபம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

‘சாமி, கேட்கிற அதிகாரிக்கே அது தெரியும், இது வெறும் சடங்கு’ என்று வாதிடுவோர் உண்டு. வாயால் ஒன்றைக் கூறி, அதன் மறுபாதியை மனத்துக்குள் வைத்துக்கொண்டால் பொய்யாகாது என்ற வாதம் திருச்சபைக்குப் புதிதன்று. அறநெறி இறையியலார் சிலர் அதை ‘ரெஸ்ட்ரிக்சியோ மெந்தாலிஸ்’ என்ற பெயரில் வளர்த்தெடுத்தனர். 1679இல் திருத்தந்தை 11ஆம் இன்னசெந்து அதைக் கண்டித்து ஒதுக்கினார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தள்ளுபடியான வழக்கு அது. அதைவிட வேதனை, பல இடங்களில் அந்தப் பொய் தேவையே இல்லை என்பது. அமெரிக்கச் சட்டம் மாணவ விசா கேட்பவரைக் குடியேற வருபவராகவே கருதி, அப்படி இல்லை என மெய்ப்பிக்கச் சொல்கிறது. ஆனால் கனடாவின் சட்டம், படிக்க வருகிறவன் பின்னர் குடியேறவும் எண்ணலாம் என்பதை ஏற்கிறது. ஆஸ்திரேலியா, ‘தற்காலிகமாகவே வருகிறேன்’ என்று காட்டும் விதியை 2024 மார்ச்சில் கைவிட்டு, ‘மெய்யான மாணவன்தானா’ என்று மட்டும் கேட்கிறது. இதைக்கூட விசாரிக்காமல், எல்லா நாட்டுக்கும் ஒரே பொய்யைப் படியெடுத்து அனுப்புகிறோம்.

பொய்யின் சம்பளமும் பிள்ளைக்கே. ஏமாற்றியதாகக் கண்டால் இங்கிலாந்து பத்தாண்டு வரையிலும், கனடா ஐந்தாண்டும் கதவை அடைக்கின்றன. 2023இல் கனடாவில் போலிச் சேர்க்கைக் கடிதத்தால் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்த பஞ்சாப் மாணவர்கள் பலர், தங்கள் கடிதம் போலி என்பதையே அங்கு போய் ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார்கள். 2011இல் கலிபோர்னியாவின் டிரைவேலி பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, நம் நாட்டு மாணவர் சிலரின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டது. 2019இல் வெளிவந்த ஃபார்மிங்டன் வழக்கில், அந்தப் பல்கலைக்கழகத்தை நடத்தியதே அமெரிக்கக் குடிவரவுத் துறைதான்! வகுப்பே இல்லாத கல்லூரியில் யார் சேர்கிறார்கள் என்று பார்க்க விரித்த வலை அது. விரித்தவர்களின் அறத்தைப் பற்றி நமக்கும் கேள்வி உண்டு. ஆனால் வகுப்பு எங்கே என்று கேட்கும் மாணவன் அந்த வலையில் நெடுநாள் நின்றிருக்க மாட்டான்.

கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்விக் கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. நம் ஊர்களின் பெயரிலேயே ‘விளை’ இருக்கிறது. பாட்டன் பனையேறிச் சேர்த்துத் தண்ணீர் சுமந்து வளர்த்த அந்த விளைதான் ஈடு. அது போதாதபோது அக்காளின் நகை. ஊதாரி மைந்தன் உவமையில் மகன் சொத்தைப் பிரித்துக் கேட்டான். இங்கே தந்தையே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று ஆண்டவர் கேட்டது லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. உட்கார்ந்து கணக்கிடும் குடும்பம் எத்தனை? பக்கத்து வீட்டுப் பையன் போய்விட்டான் என்பதே கணக்காகிவிடுகிறது.

போன பிள்ளை வாரத்தில் இத்தனை மணி நேரமே வேலை செய்யலாம் என்ற வரம்புக்குள் கிட்டங்கியில் பெட்டி அடுக்குகிறான், உணவகத்தில் தட்டுக் கழுவுகிறான். அது இழிவன்று, நாசரேத்துத் தச்சரின் சீடர்களாகிய நாம் அப்படி எண்ணலாகாது. இழிவு வேறு இடத்தில் இருக்கிறது. அனுமதி முடிந்து, வேலை அமையாமல், கடனோடு அவன் திரும்பும்போது ஊர் அவனைப் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. போகும்போது நன்றித் திருப்பலி, பீடத்தருகே ஆசீர், நாற்சந்தியில் படம் அச்சிட்ட பதாகை. திரும்பும்போது? ‘என்ன தம்பி, லீவா?’ என்ற ஒரு கேள்வி போதும். அவன் அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வரமாட்டான். அந்தக் கேள்விக்கு அஞ்சியே சிலர் அனுமதி முடிந்தும் அங்கே ஒளிந்து வாழ்கிறார்கள். தகப்பன் அடக்கத்திற்கும் வர முடியாமல் கைப்பேசித் திரையில் மண் போடுவதைப் பார்க்கிறார்கள். அவர்களை அங்கே கட்டி வைத்திருப்பது அந்த நாட்டுச் சட்டம் அன்று, நம் ஊரின் நாக்கு. 1921இல் ஒழித்த துண்டுச் சீட்டை நாம் நாக்கில் எழுதி வைத்திருக்கிறோம். திரும்பி வருகிறவனுக்கும் பீடத்தருகே ஆசீர் உண்டு என்று எந்த அன்பியமாவது தீர்மானம் போட்டதுண்டா?

பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதமும் நன்னடத்தைச் சான்றும் கேட்டு வருவோர் இனி வெறுங்கையோடு வர வேண்டாம். கல்லூரியின் பெயரும் பாடத்திட்டமும் வேண்டும். இங்கிலாந்தின் உள்துறை உரிமம் பெற்ற கல்லூரிகளின் பட்டியலையும், கனடாவும் ஆஸ்திரேலியாவும் ஏற்பளித்த நிறுவனங்களின் பட்டியலையும் அந்தந்த அரசே இலவசமாக வெளியிடுகிறது. அதில் அந்தப் பெயர் இருக்கும் பக்கத்தின் படி வேண்டும். பட்டியலில் இருப்பது மட்டும் போதாது என்பதை மேலே கண்டோம். ஆகவே அங்கு இப்போது படிக்கும் ஒருவரோடு பிள்ளை பேசியிருக்க வேண்டும். ஈடு வைக்கப்போகும் நிலத்தின் மதிப்பும் மாதத் தவணையும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அதைத் தாயும் படித்திருக்க வேண்டும். பிள்ளையும் கூட வரட்டும். நாட்டின் பெயரைச் சொல்லாமல், என்ன படிக்கப் போகிறாய், ஏன் என்று அவனிடம் தனியே கேட்போம். பதில் வந்தபின் கடிதத்தாளை எடுப்போம்.