வேன் பேசுவதற்கு முன்: சின்னப் பிள்ளைகளோடு கொழும்புக்கு இரண்டு இரவு



விடுமுறை நெருங்குகிறது. ஊரில் வேன் பேசத் தொடங்கிவிட்டார்கள். "வியாழன் ராவைக்கு வெளிக்கிட்டு வெள்ளி கண்டி, பின்னேரம் நுவரெலியா, சனி கொழும்பு, ராவைக்கு காலிமுகத்திடல், அப்படியே ஏறினா ஞாயிறு சுபஹுக்கு ஊர்." நம்மில் பலருடைய டிரிப் பட்டியல் இதுதான். அந்த வேனுக்குள் ஐந்து வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளும், பால்குடி மாறாத ஒரு குழந்தையும், முழங்கால் வலியோடு ஒரு உம்மும்மாவும் இருப்பார்கள். பட்டியல் போடும்போது இவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நமது கருத்து இதுதான். சின்னப் பிள்ளைகளோடு போகும் பயணத்தை இடங்களை எண்ணித் திட்டமிடக் கூடாது. பிள்ளை எப்போது எழும்பும், எப்போது பசிக்கும், எப்போது தூங்கும் என்பதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். ஒரே ஒரு நகரம், இரண்டு இரவு, ஒரு நாளைக்கு இரண்டு இடம். அதற்கு மேல் வேண்டாம்.

"வருசத்துக்கு ஒருக்காத்தான் போறம். இவ்வளவு செலவழிச்சுப் போயிட்டு எல்லாத்தையும் பாக்காம வாறதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பார்ப்பது யார்? விடுமுறை முடிந்து ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளிடம் போன பயணத்தைப் பற்றி எழுதச் சொன்னால் நாம் ஆசிரியர்கள் வாசிப்பது என்ன தெரியுமா? லிப்டில் ஏறி இறங்கியது. காகம் இறால் வடையைத் தூக்கிக்கொண்டு போனது. தம்பி வேனுக்குள் வாந்தி எடுத்தது. ஐந்து ஊர் சுற்றிய பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது, ஓர் ஊருக்குப் போன பிள்ளையும் இதைத்தான் எழுதுகிறது. ஒரு வித்தியாசம், ஓர் ஊரில் நின்று பார்த்த பிள்ளை ஒரு பக்கம் எழுதும். ஐந்து ஊர் ஓடிய பிள்ளை நாலு வரியோடு பேனையை வைத்துவிடும்.

முதலில் பயண நேரம். "ராவைக்குப் போனா புள்ளைகள் தூங்கிடும்" என்பது நமது பழைய வாதம். பிள்ளைகள் தூங்கும். சாரதி தூங்காமல் இருக்க வேண்டுமே! பகல் முழுக்க ஹயர் ஓடிய மனிதரை இரவும் ஓட வைத்து, அடுத்த நாளும் ஓட வைக்கிறோம். நம் பகுதியிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். பொலன்னறுவை, ஹபரணைப் பக்கம் இரவில் யானை வீதிக்கு வரும். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் வெளிச்சத்திலேயே போய்ச் சேரலாம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பிள்ளைகளை இறக்கி ஓடவிட்டு ஏற்றினாலும் பின்னேரத்துக்குள் கொழும்பு. மஹியங்கனை வழியாகப் போகிறவர்கள் 18 வளைவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் பாதைதான் நல்லது.

தொழுகையை நினைத்துத்தான் சிலர் இரவில் போகிறார்கள். மார்க்கம் பயணிக்கு இலேசு தந்திருக்கிறது. ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கலாம். ளுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழலாம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் எண்ணம் இல்லாதவருக்கு இந்தச் சலுகை தொடரும். இரண்டு இரவுப் பயணம் அதற்குள் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே மனதில் வைத்தால் எங்கே நிறுத்துவது என்ற பதற்றம் பாதியாகக் குறையும்.

அடுத்தது தங்குமிடம். ரூம் பேசும்போது நாம் விலையை மட்டும் கேட்கிறோம். எத்தனையாவது மாடி, லிப்ட் இருக்கிறதா, பல்கனிக்கும் ஜன்னலுக்கும் கம்பி போட்டிருக்கிறதா, பால்மா கரைக்கச் சுடுதண்ணீர் வைக்கலாமா என்று இந்த நான்கையும் கேளுங்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதென்றால் இன்னொன்று. மாளிகாவத்தையிலோ தெமட்டகொடையிலோ இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருக்கிறார்கள். அங்கே பன்னிரண்டு பேராகச் சொல்லாமல் போய் இறங்குவது உறவல்ல, உபத்திரவம். எத்தனை பேர், எத்தனை இரவு என்று முன்பே சொல்லுங்கள். ஒரு தயிர் முட்டியோடு நிறுத்தாமல் சமையல் சாமானிலும் பங்கெடுங்கள்.

சரி, கொழும்பில் இரண்டு நாளில் என்ன பார்ப்பது?

முதல் நாள் பின்னேரம் காலிமுகத்திடல் மட்டும். பிள்ளைகள் அத்தனை மணித்தியாலம் உட்கார்ந்து வந்தவர்கள், ஓட வேண்டும். பட்டம் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அங்கே ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் காலத்தில் 1856 இல் தொடங்கி 1859 இல் முடிக்கப்பட்ட இந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்காகவும் சிறுவர்களுக்காகவும் பேணும்படி தனக்குப் பின் வருவோரைக் கேட்டுக்கொள்கிறது அந்தக் கல். நம் குடும்பத்துப் பெண்கள் அந்த இடத்தில் என்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். ஒருவர் சோற்றுப் பார்சல் பிரிக்கிறார், இன்னொருவர் பெம்பர்ஸ் மாற்றுகிறார். ஆண்கள் செல்பி எடுக்கிறார்கள். கடல் அலை அங்கே பொல்லாதது, பிள்ளைகளைத் தண்ணீருக்குள் இறங்க விடாதீர்கள். அந்தக் காவலை வாப்பாமார் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் நாள் காலை தேசிய நூதனசாலை. 1877 இல் திறக்கப்பட்ட இந்த வெள்ளை மாளிகையைக் கட்டி முடித்தவர் நம்மவரான வாப்பிச்சி மரிக்கார். இதற்குக் கைம்மாறாக என்ன வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டாராம். நம் மக்களிடையே வழங்கி வரும் கதை இது. வாசலில் நிற்கும்போது இதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உள்ளே எல்லா அறைக்கும் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கண்டி மன்னர்களின் சிம்மாசனத்தைக் காட்டுங்கள். அது 1934 இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. "ராஜா இருந்த கதிரை" என்றால் நாலு வயதுப் பிள்ளையும் நின்று பார்க்கும். ஒரு மணித்தியாலம் போதும். பிறகு முற்றத்து ஆலமரம், பக்கத்தில் விகாரமகாதேவி பூங்கா. பகல் சாப்பாடு முடிந்ததும் ரூமுக்குத் திரும்பிப் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள். இந்த இரண்டு மணித்தியாலத் தூக்கத்தை வெட்டுகிறவர்கள்தான் மஃரிபுக்குப் பிறகு கடைத்தெருவில் நின்று பிள்ளையை அடிக்கிறார்கள்.

பின்னேரம் கரையோர ரயில். கோட்டையிலிருந்து தெஹிவளை அல்லது கல்கிசை வரை கடலை ஒட்டியே ஓடும். டிக்கட் செலவு மிகக் குறைவு, பிள்ளைகளுக்கோ அதுவே பெரிய டிரிப். கந்தோர் விடும் நேரத்துக்கு முன்பே ஏறிவிடுங்கள், இல்லாவிட்டால் நிற்கவும் இடம் கிடைக்காது. மிருகக்காட்சிசாலை பார்க்க ஆசையென்றால் நூதனசாலையை விட்டுவிட்டு, காலையிலேயே இதே ரயிலில் தெஹிவளைக்குப் போங்கள். ஏற்ற இறக்கமான பெரிய இடம், அரைநாள் அதற்கே போய்விடும். இரண்டையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஏப்ரலில் போகிறவர்களுக்கு ஒரு சொல்: பின்னேரங்களில் இடி மழை பெய்யும் காலம். வெளியிடங்களைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

தாமரைக் கோபுரம் 350 மீற்றர் உயரம். மேலே ஏற முழுக் குடும்பத்துக்கும் டிக்கட் எடுத்தால் எவ்வளவு என்று முதலில் கூட்டிப் பாருங்கள். கட்டுப்படியாகாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரவில் விளக்கு எரியும்போது கீழே நின்று பார்க்கக் காசு கேட்பதில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தால் காலையில் புறக்கோட்டை சம்மாங்கோட்டுப் பள்ளி. அன்று கடைகள் பல மூடியிருக்கும், சனம் குறைவு. 1909 இல் கட்டி முடிக்கப்பட்ட, சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பள்ளிக்கு வரைபடம் போட்டவர் ஹபீபு லெப்பை சாயிபு லெப்பை. மாதுளம்பழம் போன்ற அதன் குவிமாடங்களைப் பிள்ளைகள் எண்ணட்டும். சன நெரிசலான இடங்களில் ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பைக்குள்ளும் வாப்பாவின் போன் நம்பரை எழுதி வையுங்கள். பிறகு ஊருக்குப் புறப்படுங்கள். பொழுது சாய்வதற்குள் யானை வரும் பகுதியைத் தாண்டிவிடலாம்.

இனிக் காசு விசயம். பக்கத்து வீட்டாரின் ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்து டிரிப் போகும் குடும்பங்கள் நம் ஊரில் இருக்கின்றன. மூன்று நாள் சந்தோசத்துக்கு ஆறு மாத வட்டி. அந்த ஆறு மாதமும் வீட்டில் நடக்கும் வாய்ச்சண்டையைப் பிள்ளை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கையில் இருப்பதற்குள் போங்கள். கொழும்புக்குக் காணாதென்றால் மட்டக்களப்புக்குப் போங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அங்கே இருக்கிறது. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்க்கலாம். காலையில் பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பலாம். பிள்ளைக்கு வேண்டியது தூரம் அல்ல. வாப்பாவும் உம்மாவும் போனைக் கீழே வைத்துவிட்டுத் தன்னோடு இருக்கும் ஒரு நாள்தான்.

கடைசியாக உம்மாமாருக்கும் இது விடுமுறைதான் என்பதை மறந்துவிடாதீர்கள். போவதற்கு முதல் நாள் இரவு முழுக்கச் சமைத்து, வந்த அன்றே ஒரு மூட்டை உடுப்புத் துவைக்கும் பெண்ணுக்கு அது டிரிப் அல்ல, இரட்டை வேலை. ஒரு நேரமாவது கடையில் சாப்பிடுங்கள். பிள்ளைகளின் பேக்கை ஆண்கள் தூக்குங்கள். திரும்பி வந்த மறுநாளை வெறும் நாளாக விடுங்கள், அன்று யாரையும் விருந்துக்கு அழைக்க வேண்டாம்.

வேன் பேசுவதற்கு முன் இன்றிரவே அந்தப் பட்டியலை எடுத்து, வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, பாதியை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்பதைப் பிள்ளைகளும் அவர்களின் உம்மாவும் சொல்லட்டும்.

அல்லாஹ் எல்லோருடைய பயணங்களையும் இலேசாக்கி, பத்திரமாக ஊர் திரும்பச் செய்வானாக.