மற்றொன்று விரித்தல்

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் ஒன்று. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை வளர்த்துச் செல்வது அது. வகுப்பிலே அதனை விளக்கும்போது மாணவர் கட்டுரை ஒன்றையே எடுத்துக்காட்டாகத் தருவது என் வழக்கம். இம்முறை நியூயோர்க் நகரத்து மன்ஹற்றன் கம்பனியின் சாசனத்தைக் காட்டினேன். நூலிற் புகுந்தால் நகைப்புக்கிடமாகும் இக்குற்றம், சட்டத்திற் புகுந்தால் என்ன செய்யும் என்பதை மாணவர் அறியவேண்டுமல்லவா?

1798 ஆம் ஆண்டில் மஞ்சட்காய்ச்சல் அந்நகரில் ஏறத்தாழ 2,000 பேரைக் கொன்றது. நுளம்பே அந்நோயைப் பரப்புவது என்பதை அக்காலத்தார் அறியார். அழுக்கையும் கெட்ட நீரையுமே காரணமாகக் கருதினர். காரணம் பிழையாயினும், நல்ல நீர் வேண்டும் என்ற துணிபு பிழையன்று. மாநகரசபை தானே நீர் வழங்க முனைந்தது. அப்பணியைத் தனியார் கம்பனியிடம் விடுதலே தக்கது என்றார் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஆரன் பர். அதற்குத் துணைநின்று மாநகரசபையை இணங்குவித்தவர்களுள் ஒருவர் அவருடைய அரசியல் எதிரியாகிய அலெக்சாந்தர் ஹமில்ற்றன்!

அந்நாளில் நகரில் இருந்த வங்கிகள் இரண்டே. ஒன்று 1784 இல் ஹமில்ற்றனும் சேர்ந்து நிறுவிய நியூயோர்க் வங்கி. மற்றது அவர் திறைசேரிச் செயலாளராயிருந்தபோது தோற்றுவித்த ஐக்கிய அமெரிக்க வங்கியின் கிளை. இரண்டிலும் அவருடைய பெடரலிஸ்ட் கட்சியாரின் செல்வாக்கே ஓங்கியிருந்தது. தமக்குக் கடன் மறுக்கப்படுகிறதென்று பர் சார்ந்த குடியரசுக் கட்சியார் குறைபட்டனர். வங்கி அமைக்க உரிமை தருக என்று வெளிப்படையாகக் கேட்டால் பெடரலிஸ்ட் பெரும்பான்மைச் சபை இசையுமா?

1799 ஏப்பிரல் 2 ஆம் திகதி, சபையின் அமர்வு முடியுந்தறுவாயில், சாசனம் நிறைவேறியது. மூலதனம் 20 இலட்சம் டொலர். நீர்ப்பணிக்கு வேண்டியது போக எஞ்சும் பணத்தைச் சட்டத்துக்கு முரணாகாத எந்தப் பணக் கொடுக்கல் வாங்கலிலும் ஈடுபடுத்தலாம் என ஒரு வாசகம் அதனுள் இருந்தது. சட்டங்களை மீளாய்வு செய்யும் அவையில் இருந்த பிரதம நீதியரசர் லான்சிங் அவ்வாசகத்தைக் கண்டு தடைசொன்னார், ஏனையோர் பொருட்படுத்தவில்லை. ஒருவராவது ஊன்றிப் படித்தாரே என்று அவர்மீது எனக்கு ஒரு மதிப்பு. அவ்வாண்டு செப்டெம்பரிலேயே வோல் வீதியில் வங்கி திறக்கப்பட்டது.

பர் செய்தது சரியே என்பாரும் உளர். ஒரு கட்சியின் பிடியிலிருந்து கடன்வசதியை விடுவித்தாரல்லவா என்பது அவர்கள் வாதம். குறை நியாயமானது என்பதை நானும் மறுக்கவில்லை. வங்கியை மறைத்துக் கொணர்ந்ததைக்கூட அரசியற் சூழ்ச்சி என்று பொறுக்கலாம். ஆனால் அதை மறைக்க அவர் எடுத்த போர்வை குடிநீர்! பாலமோ பாதையோ ஆகியிருந்தால் ஊரார்க்கு இத்துணைக் கேடு விளைந்திராது.

தூரத்துப் புரொங்ஸ் ஆற்றிலிருந்து நீர் கொணரலாம் என்று முன்மொழிந்தவர் பர்ரின் மைத்துனரே. கம்பனியோ அத்திட்டத்தைக் கைவிட்டு, தோல் பதனிடுவோர் கழிவால் மாசடைந்திருந்த கொலெக்ற் குளத்தின் அயலிலே கிணறு தோண்டியது. துளையிட்ட மரத்தண்டுகளைக் குழாயாகப் புதைத்தது. நீர் சிலருக்குக் கிடைத்தது, நகருக்குப் போதவில்லை. நீர்வழங்கும் உரிமை தன்னிடம் இருந்தமையாற் பிறர் முயல்வதற்கும் தடையாயிற்று. 1832 இல் வாந்திபேதி வந்தபோது ஏறத்தாழ 3,500 பேர் மாண்டனர். குரோட்டன் ஆற்றுநீரை நகரமே முயன்று கொணர்ந்தது 1842 இல். சாசனம் பிறந்து நாற்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து.

இவ்விருவரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 1804 இல் நிகழ்ந்த துப்பாக்கிப் போரையே விரித்துரைப்பர். பர் சுட்டார், ஹமில்ற்றன் மறுநாள் இறந்தார். அது இருவர் தாமே விரும்பிச் சென்ற களம். கிணற்றடியில் நின்றவர்களை எவரும் கேட்கவில்லை.

வங்கி மட்டும் வளர்ந்தது. 1955 இல் சேஸ் வங்கியுடன் இணைந்து, இன்று ஜே. பி. மோர்கன் சேஸ் என்னும் பெருநிறுவனத்தின் முன்னோருள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அந்த மரக்குழாய்களோ, நகரத்தார் வேறு வேலைக்காக வீதியைத் தோண்டியபோது, சிற்சில துண்டுகளாய் அகப்பட்டன.