ஜூடைக் கொன்றது விதியா?

முதுகலை ஆங்கில இலக்கியத்தில் தாமஸ் ஹார்டியின் 'ஜூட் தி அப்ஸ்கியூர்' நாவலைப் படித்தேன். விக்டோரியா காலத்தின் கடைசி ஆண்டுகளில், 1895இல் வெளிவந்தது. வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த விளக்கம் ஒன்றுதான்: இது விதியின் கதை. குடியும் பெண்களும் ஜூடின் பலவீனம், மற்றதை விதி பார்த்துக்கொண்டது என்று எழுதினால் மதிப்பெண் உறுதி.

நாவலில் உண்மையில் என்ன இருக்கிறது?

ஜூட் ஓர் அனாதைச் சிறுவன். தன்னை வளர்க்கும் பாட்டியின் ரொட்டி வண்டியை ஓட்டிக்கொண்டே லத்தீனும் கிரேக்கமும் தானாகப் படிக்கிறான். பிழைப்புக்குக் கல்வேலை கற்றுக்கொண்டு கிறைஸ்ட்மின்ஸ்டர் போகிறான். ஆக்ஸ்போர்டுக்கு ஹார்டி வைத்த பெயர் அது. அங்கே கல்லூரிக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலை கிடைக்கிறது. படிக்க வழி கேட்டு ஐந்து கல்லூரித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். ஒரே ஒருவர் பதில் போடுகிறார்: நீ தொழிலாளி, உன் தொழிலிலேயே இருப்பதுதான் உனக்கு நல்லது.

லத்தீன் தெரியுமா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. என்ன வேலை செய்கிறவன் என்பதைப் பார்த்தே முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் பதிலில் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்கிறது. விதி கையெழுத்துப் போடாது.

அந்த அறிவுரை நமக்குப் புதிதா தோழர்களே? 1953இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பெரியாரும் திராவிடர் கழகமும் அதைக் 'குலக்கல்வி' என்று அம்பலப்படுத்திப் போராடினார்கள். 1954இல் காமராஜர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. ஜூடை மறித்தது வர்க்கம். அவன் தொட்டால் தீட்டு என்று அந்த ஊரில் யாரும் ஒதுங்கவில்லை. தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறான். சாதி தொழிலைப் பிரிப்பதோடு நிற்காமல் தொழிலாளர்களையே பிரித்து மேல்கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த வேறுபாட்டை மறக்காமலே, ஜூடை நாம் நம் கண்ணால் வாசிக்க முடியும்.

சாகும் தறுவாயில் ஜூட், பல்கலைக்கழகத்தை ஏழைகளுக்கும் திறந்துவிடப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறான். நாவல் வந்து நான்கே ஆண்டுகளில், 1899இல், தொழிலாளர்களுக்காக ரஸ்கின் கல்விக்கூடம் ஆக்ஸ்போர்டு நகரில் தொடங்கப்பட்டது. 1909இல் அதன் மாணவர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். 1920இல்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்தது. கல்தச்சர் குடும்பத்தில் பிறந்து, பல்கலைக்கழகப் பட்டப்படிப்பு படிக்காத ஹார்டிக்கு அது கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்ததும் அதே ஆண்டில்தான்.

மூடியதும் மனிதர்கள், திறக்கவைத்ததும் மனிதர்கள். நடுவில் விதிக்கு என்ன வேலை? விதி என்று சொல்லிவிட்டால் கதவைச் சாத்தியவரின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பறைக்கு அது வசதி. நாளைக்கு ஒரு மாணவர் படிப்பைப் பாதியில் விட்டுப் போனாலும், உயிரையே விட்டாலும், அதே விளக்கத்தைச் சொல்லிவிடலாம்: பலவீனம், குடும்பச் சூழல், தலையெழுத்து.

இலக்கியம் படிக்கும் முதல் தலைமுறைத் தோழர்களுக்கு ஒன்று சொல்வேன். தேர்வில் ஜூடைப் பற்றிக் கேட்டால் அந்தக் கடிதத்தைப் பற்றி எழுதுங்கள். யார் எழுதியது, எந்த அதிகாரத்தில் எழுதியது என்று எழுதுங்கள். இரண்டு மதிப்பெண் குறைந்தால் குறையட்டும்.