ராமானுஜன் கோட்டை விட்ட நம்பர்

ராமானுஜன்னு சொன்னதும் எல்லாரும் 1729-ல ஆரம்பிச்சிடுவோம். டாக்ஸி கதையும் கூடவே வந்துடும். எனக்கென்னவோ அவரை நினைச்சுக்க அதைவிடப் பொருத்தமான எண் 2,93,31,86,25,600-தான்னு தோணுது. அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ஏன்னா, இது அவர் கோட்டை விட்ட நம்பர்!

எங்க காஞ்சிபுரத்துலேர்ந்தே விளக்கறேன். பட்டுத் தறி மேல இருக்கற ஜக்கார்டு பெட்டியில 240 கொக்கி இருக்கறது சகஜம். 2, 3, 4, 5, 6, 8, 10, 12... எதால வகுத்தாலும் மீதி வராது. 40 கொக்கியில அடங்கற பூன்னா வரிசையா சரியா 6 பூ. 240-க்கு மொத்தம் 20 காரணிகள். அதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது. இப்படித் தனக்குக் கீழே இருக்கற எல்லா எண்ணையும் விட அதிகக் காரணிகள் வச்சிருக்கற எண்ணுக்கு ராமானுஜன் வச்ச பேர்தான் 'ஹைலி காம்போசிட் நம்பர்'.

1915-ல இதைப் பத்தி நீளமா ஒரு கட்டுரை எழுதினார். 1916-ல கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்ததும் இந்த ஆராய்ச்சிக்குத்தான். அதுல ஒரு அட்டவணை, 67,46,32,83,88,800 வரைக்கும் போகுது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். நூறுக்கும் மேல எண்கள் எழுதினதுல நடுவுல ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு. நம்ம 29,331 கோடி!

அதைப் பிரிச்சுப் பார்த்தேன். 2-ன் அடுக்கு 6, 3-ன் அடுக்கு 4, 5-க்கும் 7-க்கும் அடுக்கு 2, அப்புறம் 11, 13, 17, 19 தலா ஒரு தடவை. ஒவ்வொரு அடுக்கோடயும் 1 கூட்டிப் பெருக்கினா 7×5×3×3×2×2×2×2 = 5040 காரணிகள். அந்த 5040-ம் ஒரு ஹைலி காம்போசிட்! இன்னொரு வேடிக்கை, விட்டுப்போன எண்ணை 23-ஆல பெருக்கினா வர்றது சாட்சாத் அந்த அட்டவணையோட கடைசி எண்.

குறை சொல்ல வரலை. நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னாங்கங்கறது அவரோட நம்பிக்கை. ஆனா நாம அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு, பசங்ககிட்ட 'கணக்கு சாமி கொடுக்கற வரம்'னு சொல்லிடறோம். வரம் கிடைக்காத பையன் 'நமக்கு வராது'ன்னு ஒதுங்கிடறான். எங்க தெருவுலயே, தறி வச்சிருக்கற வீடுகள்லயே, அப்படி ஒதுங்கினவங்களைப் பார்த்திருக்கேன். கனவுல வந்த பட்டியல்னா ஒண்ணு குறைஞ்சிருக்குமா? ஒரு மனுஷன் உட்கார்ந்து, பெருக்கி, ஒப்பிட்டு, கை வலிக்க எழுதின பட்டியல்ங்க அது.

சின்ன வயசுல கொஞ்ச காலம் இதே காஞ்சிபுரத்துல தாத்தா வீட்டுல இருந்தவர்தான் ராமானுஜன். இங்க தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டுட்டு மேல நெய்வாங்க, புடவையைத் தூக்கிப் போட மாட்டாங்க. அடுத்த தடவை பசங்களுக்கு 1729 கதை சொல்றப்ப இதையும் சேர்த்துச் சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: 1729-க்குக் காரணிகள் எட்டே எட்டுதான் :-)