அடைத்துக் கிடக்கும் மதகு

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தொடங்கிற்று. பின்னர் 2025-26-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருஷங்களில் கணினிச் சாதனம் வழங்கப்படும் என்று சர்க்கார் அறிவித்தனர். பொதுஜனங்களின் வரிப்பணம் இதனினும் நல்ல காரியத்தில் செலவாவது அரிது. ஆயினும், கொடுத்த பொருளின் பயன் முழுவதும் பெற்றவருக்குக் கிட்டுகிறதா என்று கேட்பது நமது கடமை. கிட்டவில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

தென்காசியையும் குற்றாலத்தையும் எடுத்துக்கொள்வோம். செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் சாரற்காற்று இந்த ஜில்லாவின் காற்றாலைகளைச் சுழற்றி நாட்டுக்கு மின்சாரம் தருகிறது. அதே காற்று ஒரு மரக்கிளையை முறித்துக் கம்பியின் மேல் தள்ளினால், சுற்றுப்புறக் கிராமத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. அவ்வேளையில் மடிக்கணினியில் பாடம் பார்க்கும் மாணவிக்கு மிஞ்சுவது பாட்டரியில் உள்ள மின்சாரம் ஒன்றே. கல்வித் தொலைக்காட்சி 2019-இல் தொடங்கிற்று. 2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது காணொளியே வகுப்பறையாயிற்று. ஆகவே, காணொளி ஓடும்போது பாட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது ஏழைப் பிள்ளையின் படிப்பைப் பற்றிய கேள்வியாகும்.

காணொளி என்பது மிகவும் சுருக்கிக் கட்டிய படங்களின் மூட்டை. அதனை நொடிக்கு 25 அல்லது 30 படம் வீதம் விரித்துத் திரையில் காட்ட வேண்டும். இவ்வேலையைக் கணினி இரண்டு வழிகளில் செய்யலாம். எல்லா வேலைகளையும் செய்யும் மத்தியச் செயலியின் தலையில் சுமத்துவது ஒரு வழி. சில்லுக்குள் இதற்கென்றே அமைந்த தனிச் சுற்றிடம் ஒப்புவிப்பது மற்றொரு வழி. இன்டெல் நிறுவனம் 2011 முதலே தன் சில்லுகளில் இத்தகைய சுற்றினை அமைத்து வருகிறது. ஒரே வேலைக்கென்று பிறந்த அச்சுற்று மிகச் சொற்ப மின்சாரத்திலே காரியத்தை முடித்துவிடும். செயலியோ அதற்குப் பன்மடங்கு உழைக்கிறது. அடிப்பாகம் சுடுகிறது, விசிறி இரைகிறது, பாட்டரி வற்றுகிறது. சிற்றாற்றுக் கால்வாயில் நீர் நிரம்பியிருக்க, மதகைத் திறவாமல் பக்கத்தில் மாட்டைப் பூட்டிக் கமலை இறைப்பவனை உலகம் என்ன சொல்லும்?

மதகு அடைபட்டதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, மென்பொருளின் அசட்டை. 2011-இல் தொடங்கிய திட்டத்தில் விண்டோஸுடன், நம் நாட்டின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. சுதேசி முயற்சியாகிய அதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் லினக்ஸ் உலகில் உலாவிகள் இந்தத் தனிச் சுற்றை நெடுங்காலம் தாமாகப் பயன்படுத்தவில்லை. பயர்பாக்ஸ் உலாவிகூட 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில்தான் இன்டெல் சில்லுகளுக்கு அதனைத் திறந்துவிட்டது.

இரண்டாவது, காணொளியின் வகை. 2003-இல் வகுக்கப்பட்ட ஹெச்.264 வகையைப் பழைய சில்லுகளும் அறியும். வி.பி.9 2013-இலும், ஏ.வி.1 2018-இலும் வந்தவை. அதற்கு முற்பட்ட சில்லுகளில் அவற்றிற்குரிய சுற்று இல்லை. யூடியூபோ பெரும்பாலும் இப்புதிய வகைகளையே அனுப்புகிறது. அண்ணன் பெற்ற பழைய கணினியில் தங்கை படிக்கும் வீட்டிலே சுமை முழுவதும் செயலியின் மேல் விழுகிறது.

மூன்றாவது, வியாபாரிகளின் பூட்டு. சில்லிலே உள்ள ஹெச்.இ.வி.சி. வகைத் திறனைப் பெயர்பெற்ற நிறுவனங்கள் தம் மடிக்கணினிகள் சிலவற்றில் முடக்கி விற்ற செய்தி 2025-இல் வெளியாயிற்று. விலை கொடுத்து வாங்கிய வீட்டில் ஓர் அறையைப் பூட்டிச் சாவியை விற்றவரே வைத்துக்கொள்வது எந்த நியாயம்?

இதன் நஷ்டத்தைக் கணக்கிடுவது எளிது. பாட்டரி 40 வாட்-மணி கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். கணினி 8 வாட் இழுத்தால் 5 மணி நேரம் பாடம் பார்க்கலாம். 16 வாட் இழுத்தால் இரண்டரை மணியிலே திரை இருண்டுவிடும்.

ஆகவே, சர்க்கார் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். கொள்முதல் ஒப்பந்தத்தில், பாட்டரியில் மட்டும் காணொளி எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதை எழுதி, ஒவ்வொரு தொகுதியிலும் சில கணினிகளைச் சோதித்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். வழங்கும் இயங்குதளம் எதுவாயினும், தனிச் சுற்று திறந்த நிலையிலேயே மாணவர் கைக்கு வர வேண்டும். பாடங்களின் பிரதி ஒன்றை ஹெச்.264 வகையில் இறக்கிக்கொள்ளத் தர வேண்டும்.

இது நிபுணர்களுக்குரிய நுட்ப விஷயம், ஒப்பந்தத்தில் எழுதத் தக்கதன்று என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். நெல்லைப் படியால் அளந்து வாங்கும் நாட்டில், ஓடும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்து வாங்குவது எவ்விதத்தில் கடினம்? விலை ஏறும் என்பாருக்கும் நமது விடை ஒன்றே: அச்சுற்றுக்குரிய விலையைச் சில்லின் விலையோடு சேர்த்து முன்னமே கொடுத்தாயிற்று. நிபுணர்களுக்கும் பஞ்சமில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலிருந்தே சோகோ நிறுவனம் உலகத்திற்கு மென்பொருள் செய்து அனுப்புகிறது. கிராமத்திலிருந்து இத்தனை செய்ய வல்லவர்கள் வாழும் ஜில்லாவில், கிராமத்துப் பிள்ளையின் கணினியைச் சோதித்துச் சீர்செய்ய ஆளில்லை என்று எவரும் சொல்ல இயலாது.

குறை பணத்திலும் இல்லை, அறிவிலும் இல்லை, கவனத்திலேதான் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படுவதற்கு முன்னரேனும் அதிகாரிகள் இதனைக் கவனிப்பார்களாக.