தில்லானா ப்ராக், படகுப் பாட்டு மட்டும் ஃபோக்கா?

டிஸ்கி: இது முழுக்க முழுக்க இசை பற்றிய பதிவு. எனக்கு கிட்டார் வாசிக்கத் தெரியாது. பி.காம் மூன்றாம் வருடம். காதில் விழுந்ததை வைத்துத்தான் பேசுகிறேன், இசை மேதைகள் மன்னிக்கவும்.

சண்டை ஆரம்பித்தது ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில். நானும் என் வகுப்புத் தோழனும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'அகம்' கேட்டுக்கொண்டிருந்தோம். தெரியாதவர்களுக்கு: அகம் பெங்களூரில் 2003-ல் ஆரம்பித்த பேண்டு. பாடுகிறவர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன். 2007-ல் சன் டிவியின் 'ஊ ல ல லா' நிகழ்ச்சி மூலம் வெளியில் தெரிய வந்தவர்கள். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கர்நாடிக் புரோகிரசிவ் ராக்.

2012-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்'. அதில் தனஸ்ரீ தில்லானா ஓடும்போது நண்பர் கண்ணை மூடித் தலையாட்டினார். அடுத்து 'தி போட் சாங்' போட்டேன். கேரளாவின் வஞ்சிப்பாட்டை, அதாவது படகுப் பாட்டை, அடிப்படையாக வைத்தது. உடனே இயர்போனைக் கழற்றிவிட்டார்.

"மச்சி, தில்லானா ப்ராக். ஒத்துக்கறேன். இது வெறும் ஃபோக்டா. மெலடி. கூட கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டா ப்ராக் ஆயிடுமா?"

அதே பேண்டு, அதே ஆல்பம், அதே கிட்டார். சுவாதித் திருநாள் தில்லானா என்றால் புரோகிரசிவ், படகு வலிப்பவன் பாட்டு என்றால் ஃபோக். இரண்டு டீ ஆறும் வரை கத்தினோம். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நண்பர் ஒரு சட்டப் புத்தகமே வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் ஒன்று: காதுக்கு இனிமையாக இருந்தால் ப்ராக் இல்லை. அப்படியானால் கேமல் என்ற இங்கிலாந்து பேண்டை என்ன செய்வது? 1975-ல் வந்த அவர்களுடைய 'தி ஸ்னோ கூஸ்' ஆல்பம் ஒரு கதையை வார்த்தையே இல்லாமல் மெட்டிலேயே சொல்கிறது. ப்ராக் ரசிகர்கள் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். இனிமை குற்றம் என்றால் பாதி ப்ராக் பேண்டுகள் ஜெயிலில்தான் இருக்க வேண்டும்.

சட்டம் இரண்டு: நாட்டுப்புற வாடை அடிக்கக் கூடாது. ஜெத்ரோ டல்லுக்கு நாட்டுப்புற வாடை ஏகத்துக்கும் உண்டு. 1977-ல் வந்த 'சாங்ஸ் ஃப்ரம் தி வுட்' முழுக்க இங்கிலாந்து கிராமத்து வாசனை. அதே பேண்டுதான் 1972-ல் 'திக் ஆஸ் எ பிரிக்' என்று ஆல்பம் முழுவதும் ஒரே பாட்டாகப் போட்டது. அதுவும் எதற்கு? அதற்கு முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் 'கான்செப்ட் ஆல்பம்' என்று சொல்லிவிட்டார்களே என்று கிண்டலுக்கு! 1989-ல் கிராமி கமிட்டி இவர்களுக்கே ஹார்ட் ராக், மெட்டல் விருதைக் கொடுத்தது, மெட்டாலிகாவை ஓரம் கட்டிவிட்டு. லேபிள் ஒட்டுகிறவர்களின் லட்சணம் இவ்வளவுதான் :)

சட்டம் மூன்று: தாளம் ஏழு, ஐந்து என்று கோணல்மாணலாக இருக்க வேண்டும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் நம்மூர் மிஸ்ர சாப்பு ஏழு, கண்ட சாப்பு ஐந்து. மார்கழி மாசத்து கச்சேரி எல்லாமே ப்ராக் ராக்தான் என்று போர்டு மாட்டிவிடலாம். எண்ணி முடிவு செய்கிற விஷயம் இல்லை இது.

சட்டம் நான்கு: பெரிய கதை, நீண்ட பாட்டு. நாட்டுப்புறத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது இங்கேதான்.

ஐயா, நாம் இருப்பது திருவண்ணாமலை மாவட்டம். பங்குனி, சித்திரை ஆனால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. செய்யாறு பக்கத்துப் புரிசை கூத்துக்கே பேர் போன ஊர். கதை பல நாள் ஓடி, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி என்று முடியும். முகவீணை, மத்தளம், ஆர்மோனியம், தாளம் இவ்வளவுதான் கருவி. ஒரே ராத்திரியில் விருத்தம், பாட்டு, வசனம், ஆட்டம், நடுவில் கட்டியங்காரன் நக்கல் எல்லாம் வரும். வேகம் ஏறும், இறங்கும், விடியும் வரை போகும். நாற்பது நிமிட ஆல்பத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் இதையெல்லாம் 'சிம்பிள் ஃபோக்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். சின்ன வயதில் பாட்டி மடியில் தூங்கி வழிந்தபடி நானும்தான் பார்த்தேன். அப்போது இதற்கு இப்படி ஒரு கணக்கு இருப்பது தெரியவில்லை.

அப்போது எதைத்தான் ப்ராக் என்பது? எனக்குத் தெரிந்த காமர்ஸ் கணக்கில் சொல்கிறேன். லாரியை வைத்து சரக்கு ஓட்டுகிறவருக்கு லாரி ஃபிக்சட் அசெட். லாரி வாங்கி விற்கிற டீலருக்கு அதே லாரி ஸ்டாக். லாரி மாறவில்லை, அதை வைத்து என்ன வேலை செய்கிறார்கள் என்பதுதான் கணக்கு. மெட்டும் அப்படித்தான். அது தில்லானாவிலிருந்து வந்ததா, படகிலிருந்து வந்ததா என்பது கேள்வியே இல்லை. கிடைத்த மெட்டைப் பிரித்து, வளர்த்து, ஆரம்பித்த இடத்திலிருந்து வேறொரு இடத்துக்குக் கொண்டுபோகிறார்களா? போனால் ப்ராக். அகம் தில்லானாவுக்குச் செய்கிற அதே வேலையைத்தான் படகுப் பாட்டுக்கும் செய்கிறது.

நண்பரிடம் ஒரு நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். "எல்லாத்தையும் ப்ராக்னு சொன்னா அந்த வார்த்தைக்கு என்னடா மரியாதை?" சரிதான். என் கணக்குப்படியே சிலர் வெளியே போகிறார்கள். திருவனந்தபுரத்து 'அவியல்' 2008-ல் போட்ட ஆல்பம் எனக்கு உயிர். ஆனால் அது ஒரு துடிப்பைப் பிடித்துக்கொண்டு நேராக அடிக்கிற ராக். ப்ராக் இல்லை, இருக்கவும் வேண்டாம். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் பறையையும் ராக், ராப்போடு சேர்த்தது. 'புரோகிரசிவ்' என்பதை 'முற்போக்கு' என்று மொழிபெயர்த்தால் அவர்களை அடிக்க ஆளே இல்லை. இசை வகையாகப் பார்த்தால் அது வேறு. ப்ராக் என்பது ஒரு வகை, மார்க் ஷீட் இல்லை.

ஆனால் நடைமுறையில் அதை மார்க் ஷீட்டாகத்தான் வைத்திருக்கிறோம். சபாவில் பாடுவது கலந்தால் 'புரோகிரசிவ்', தெருவில் பாடுவது கலந்தால் 'ஃபோக் ஃப்யூஷன்'. காது கேட்பதற்கு முன்னாலேயே மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், என் அப்பா நெசவாளர். எங்கள் தறியிலிருந்து இறங்கும்போது அது ஆரணிப் பட்டு. வெளியூரில் ஒரு கடையின் கண்ணாடி ஷெல்ஃபில் எங்கள் தெரு டிசைனை ஒருநாள் பார்த்தேன், காஞ்சிபுரம் என்று லேபிள், அதற்கேற்ற விலை. அதே பாவு, அதே ஊடை, அதே ஜரிகை. அப்பாவிடம் சொன்னேன். "பேருக்குத்தான்டா காசு"ன்னு சிரிச்சுட்டு மறுபடி நாடாவை இழுத்தார். ஆரணிப் பட்டுக்கென்றே புவிசார் குறியீடு இருக்கிறது. இருந்தும் இந்த நிலைமை.

அதனால் யாராவது ஒரு பாட்டை "வெறும் ஃபோக்" என்று சொன்னால் எனக்கு அந்த லேபிள்தான் ஞாபகம் வருகிறது. ஃபோக் என்று சொல்லுங்கள், தப்பில்லை. அந்த 'வெறும்'தான் பிரச்சினை.

நண்பர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வருகிற சித்திரையில் ஒரு ராத்திரி கூத்துக்குக் கூட்டிப்போவதாக பந்தயம். விடியும் வரை முழித்திருந்தால் டீ என் கணக்கு.